நீலப் பலூன்கள்

"அந்த நீல பலூனையெல்லாம் முதல்ல அவுத்துக் கீழே போடுங்க!"

மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை முடித்து நேராக வந்த அம்மா, தோள்பையைக்கூட இறக்காமல் கத்தினாள். ஸ்டூலின் மேல் நின்று ஜன்னல் கம்பியில் பலூன் கட்டிக்கொண்டிருந்த அப்பா திரும்பியும் பார்க்கவில்லை.

"எதுக்கு அவுக்கணும்? நாளைக்குப் பிறந்த நாள் உனக்கா, அவளுக்கா? நீலம்தான் வேணும்னு ஒத்தக் கால்ல நின்னவ உன் பொண்ணு."

"நீலத்தைக் கண்டாலே எரிச்சலா இருக்குன்னு எங்கிட்ட சொன்னா. மஞ்சள்தான் கேட்டா. போன்ல நீங்க நீலம் கட்டறேன்னதும் எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு."

மறுநாள் வாலுவுக்குப் பதினான்கு வயது நிறைகிறது. வாலு என்பது செல்லப் பெயர். அதற்குரிய தகுதி அவளிடம் குறைவின்றி இருந்தது. எட்டு மணிக்குள் இருவரும் எல்லாவற்றிலும் ஒரே முடிவுக்கு வந்தாக வேண்டும், இல்லையென்றால் வகுப்புத் தோழிகள் அத்தனை பேருக்கும் 'வர வேண்டாம்' என்று சொல்லிவிடுவேன் என அறிவித்துவிட்டு, அவள் தன் அறைக்கதவைச் சாத்திக்கொண்டிருந்தாள். கடிகாரம் ஏழரையைக் காட்டியது.

ஒரு பிறந்த நாளைத் திட்டமிட, வளர்ந்த மனிதர்கள் இருவருக்கு எவ்வளவு நேரம் வேண்டும்? பத்து நிமிடம் தாராளம். இவர்களோ அதைப் பலூனிலேயே தீர்த்துவிட்டார்கள்.

"பலூன் கிடக்கட்டும். கேக் என்ன சொல்லியிருக்கீங்க?"

"சாக்லேட்."

"கிழிஞ்சுது போ! நான் வெனிலாவுக்குச் சொல்லிட்டேன்."

"யாரைக் கேட்டுச் சொன்னே?"

"அவளைக் கேட்டுத்தான்! சாக்லேட் தின்னா முகமெல்லாம் பரு வருதுன்னு அழுதா."

"சாக்லேட் இல்லேன்னா கத்தியையே தொட மாட்டேன்னு எங்கிட்ட சொன்னாளே!"

"அவ சொன்னதை என்னைக்கு நீங்க காதுல வாங்கினீங்க? ஊர்ல எவனாவது லிஃப்ட்டுல மாட்டிக்கிட்டா எழுந்து ஓடத் தெரியும். வீட்டுல ஒருத்தி மூச்சு முட்டி நின்னா மட்டும் தெரியாது."

லிஃப்ட் மெக்கானிக்கான அப்பா ஸ்டூலிலிருந்து குதித்தார். குதித்த வேகத்தில் காலடியில் கிடந்த பலூன் ஒன்று வெடித்தது. அவர் முகமும் ஏறக்குறைய அந்த நிலையில்தான் இருந்தது.

"நீ மட்டும் என்ன? ஊருக்கெல்லாம் கண்ணாடி மாட்டி விடறே. உன் எதிர்ல நிக்கறது ஒரு மனுஷன்னு என்னைக்காவது உனக்குத் தெரிஞ்சுதா?"

அம்மா சமையலறைக்குள் நுழைந்தாள். பலூன் நூல்களை அறுத்தெறிந்தால்தான் ஆத்திரம் தீரும் போலிருந்தது. மேல் இழுப்பறையைத் திறந்தாள், கரண்டிகள் இருந்தன. அடுத்ததைத் திறந்தாள், மெழுகுவர்த்திகளும் தீர்ந்துபோன பேட்டரிகளும் இருந்தன.

"கத்தரிக்கோலை எங்கே வெச்சுத் தொலைச்சீங்க?"

"ஃப்ரிட்ஜ் மேல. ஒரு வருஷமா அங்கேதான் இருக்கு."

"இடத்தை மாத்தினா சொல்றதுக்கென்ன?"

"சொன்னா மட்டும் கேட்டுடுவியாக்கும்!"

கத்தரிக்கோலோடு வந்து அவள் முதல் நூலை வெட்டினாள். அப்பா விழுந்த பலூனைப் பொறுக்கிக்கொண்டே உறுமினார்.

"வெட்டு, நல்லா வெட்டு. நாளைக்கு நாலு மணிக்குப் பிள்ளைங்க வந்து மொட்டைச் சுவரைப் பார்க்கட்டும்."

"நாலு மணியா? எங்கிட்ட ஆறு மணின்னா!"

கத்தரிக்கோல் அந்தரத்தில் நின்றது. நிறம் வேறு, கேக் வேறு, இப்போது நேரமும் வேறு. அவ்வளவு நேரமும் சுவரைப் பார்த்துச் சண்டையிட்ட இருவரும் முதன்முறையாக ஒருவரையொருவர் நேராகப் பார்த்தார்கள். பிறகு, மூடியிருந்த அந்த அறைக்கதவைப் பார்த்தார்கள்.

கடிகாரத்தின் பெரிய முள் பன்னிரண்டை நெருங்கிக்கொண்டிருந்தது. அப்பா பல்லைக் கடித்தபடி பேசினார்.

"அஞ்சு மணி. ரெண்டு கேக். நீலமும் இருக்கட்டும், மஞ்சளும் இருக்கட்டும். சரியா?"

"சரி. உங்களுக்காக ஒண்ணும் இல்லை."

"உனக்காகவும் இல்லை. அந்த மேசையைப் பிடி, ஓரமாப் போடணும்."

சாப்பாட்டு மேசையின் ஒரு முனையை அவர் தூக்க, மறுமுனையை அவள் தூக்கினாள். நழுவிய தோள்பையை முழங்கையால் மேலே தள்ளிக்கொண்டாளே தவிர, அப்போதும் இறக்கி வைக்கவில்லை. மேசை சுவரோரம் சேர்ந்தது.

"வாலு! வெளியே வாடி!"

அன்று மாலை இந்த ஓர் அழைப்பில்தான் இருவர் குரல்களும் ஒன்றாக ஒலித்தன.

கதவு திறந்தது. வாலுவின் இரண்டு கைகளிலும், ஊதிக் கட்டி முடித்த மஞ்சள் பலூன்கள் இருந்தன.

"எங்களைப் பார்த்தா உனக்குக் கேனையங்களாத் தெரியுதா?" என்று அப்பா பாய்ந்தார். "ஆளுக்கொரு விதமாச் சொல்லி மோத விட்டு வேடிக்கை பார்க்கறியா?"

"எங்க ரெண்டு பேர்கிட்டயும் ஒரே மாதிரி சொல்லியிருந்தா இந்தக் கூத்து நடந்திருக்குமாடி?" என்றாள் அம்மா. ஆத்திரத்தில் அவள் கால்கள் வாசல் பக்கம் திரும்பிவிட்டன. கை கதவின் பிடியைத் தொட்டுவிட்டது.

வாலு அழவில்லை, மன்னிப்பும் கேட்கவில்லை. அவர்கள் இருவரையும்விட அவளுக்குத்தான் கோபம் அதிகமாக இருந்தது.

"ஒரே மாதிரி சொல்லியிருந்தா, விவாகரத்துக்கப்புறம் நீ இந்த வீட்டுப் படி ஏறியிருப்பியாம்மா?"