சுருட்டாதே, வெட்டு

"சுருட்டினா கதை முடிஞ்சுது. முள்கரண்டியால வெட்டித்தான் சாப்பிடணும்."

காரை வீட்டு வாசலில் நிறுத்திய பிறகும் கிரெட்சன் பாடத்தை நிறுத்தவில்லை. டால்டன் பாவம், தலையாட்டிக்கொண்டே இருந்தான். இந்த சின்சினாட்டியில் மாப்பிள்ளை பார்ப்பது சில்லி என்கிற கொத்துக்கறிக் குழம்புச் சட்டியை வைத்துத்தான். போன வருஷம் அவள் அழைத்து வந்தவன் ஸ்பகெட்டியைச் சுருட்டி வாயில் வைத்தான். அப்பா வெண்டல் அவனுக்குக் காபிகூடக் கொடுக்காமல் கோட்டை எடுத்து நீட்டிவிட்டார்.

"மிளகாய் கேக்காதே. பட்டை வாசனை தூக்கலா இருக்குன்னு சொல்லாதே. முக்கியமா, டெக்ஸஸ்னு வாயைத் திறக்காதே. அந்தப் பேரே அப்பாவுக்கு ஆகாது."

"பொறந்த ஊரையே மறைக்கச் சொல்றே."

"கல்யாணம் வரைக்கும்தான்."

உள்ளே அம்மா இர்மா அடுப்படியில் இருந்தாள். நேற்றே கொத்துக்கறியைப் பச்சைத் தண்ணீரில் கரைத்து, பட்டை, கிராம்பு, கொஞ்சம் கறுப்பு சாக்லேட் எல்லாம் போட்டு நிதானமாகக் கொதிக்கவிட்டு, இரவெல்லாம் குளிரவைத்து, காலையில் உறைந்த கொழுப்பை வழித்தெடுத்திருந்தாள். இப்போது அது மறுபடி சிறு தீயில் கொதித்துக்கொண்டிருந்தது. வெண்டல் ஒரு துரும்பைக்கூட நகர்த்தவில்லை. டெக்ஸஸ்காரன் செய்வது சில்லியே இல்லை, மாடு மேய்க்கிறவன் நாக்கைப் பொசுக்கிக்கொள்ளக் காய்ச்சுகிற கஞ்சி என்று பிரசங்கம் மட்டும் செய்தார்.

சாப்பிட உட்கார்ந்தார்கள். ஸ்பகெட்டி, அதன் மேல் சில்லி, அதற்கும் மேல் குன்றுபோல் துருவிய சீஸ். டால்டன் ஒழுங்காக வெட்டினான். எந்தப் பள்ளியில் படித்தாய் என்று வெண்டல் கேட்டதும் கிரெட்சன் சொல்லிக்கொடுத்த உள்ளூர்ப் பள்ளியின் பெயரை ஒப்பித்தான். "பிரமாதம் சார்" என்றான். "இப்படி ஒரு சில்லி நான் சாப்பிட்டதே இல்ல சார்" என்றான். அது மட்டும் உண்மை.

வெண்டல் கரண்டியைக் கீழே வைத்தார்.

"தட்டை எடுத்துக்கிட்டு என்கூட கராஜுக்கு வா."

தன் தட்டையும் எடுத்துக்கொண்டு அவர் முன்னால் போக, டால்டன் பின்னாலேயே போனான். அம்மாவோ எதுவும் நடக்காததுபோல் இன்னும் சீஸ் துருவிக்கொண்டிருந்தாள். பொறுக்க முடியாமல் கிரெட்சன் மெதுவாகப் போய் கராஜ் கதவிடுக்கில் கண்ணை வைத்தாள்.

வெண்டல் கருவிப்பெட்டியின் அடியிலிருந்து மிளகாய்ச் சாறு பாட்டில் ஒன்றை எடுத்து, இரண்டு தட்டிலும் தாராளமாகக் கவிழ்த்தார்.

"வார்த்தைக்கு வார்த்தை சார் போட்டியே, இந்த ஊர்ல எவன் அப்படிப் பேசறான்? டெக்ஸஸ்ல எந்தப் பக்கம்?"

டால்டன் உண்மையைச் சொல்லிவிட்டான். "லப்பக்... சார்."

"நானும் டெக்ஸஸ்தான், அமரில்லோ. டெக்ஸஸ்காரனுக்குப் பொண்ணு தர மாட்டேன்னு என் மாமனார் ஒத்தக்கால்ல நின்னாரு. இந்த ஊர் ஆத்துக்கு அக்கரையில பொறந்தவன்னு புளுகி இர்மாவைக் கட்டிக்கிட்டேன். அன்னைக்குப் போட்ட வேஷம், இன்னும் கலைக்க முடியல. இது ஊத்தலைன்னா அந்தப் பட்டைக் கஷாயம் எனக்குத் தொண்டையில இறங்காது. சாப்பிடு மாப்பிள்ளை. இர்மாவுக்குத் தெரிஞ்சா என்னைக் கொன்னுடுவா." பாட்டிலைப் பெருமையாகத் தடவினார். "கல்யாணத்தப்ப ஊர்லேர்ந்து எடுத்துட்டு வந்தது. சிக்கனமா ஊத்துறதால இன்னும் தீரல."

மாப்பிள்ளை என்று அப்பா சொன்னதிலேயே கிரெட்சனுக்குப் பாதி உயிர் திரும்பிவிட்டது. சிரிப்பை அடக்கிக்கொண்டு சமையலறைக்கு வந்தாள்.

"என்னடி பண்றாங்க ரெண்டு பேரும்?"

"சும்மா காரைப் பத்திப் பேசிட்டிருக்காங்கம்மா."

இர்மா கையைத் துடைத்துக்கொண்டு, மாவு டப்பாக்களுக்குப் பின்னாலிருந்து பெரிய மிளகாய்ச் சாறு கேனை இழுத்து மகள் கையில் கொடுத்தாள்.

"அவங்க உள்ளே வந்ததும் போய் அந்த பாட்டிலை ரொப்பிட்டு வா. இத்தனை வருஷம் நான் செஞ்சாச்சு, இனிமே உன் முறை."