மூன்று புடவை நீளக் கப்பல்

தெரு நீளத்துக்கு நீட்டியிருந்த பாவு நூலைச் சுருட்டி எடுத்துப் போன பிறகு, காலியான தெருவில் மங்கையர்க்கரசி கப்பல் வரைந்து முடித்தாள்.

கோலமாவில்தான்.

நீளம் ஐம்பத்துநான்கு அடி என்று போர்ட்பிளேரிலிருந்து கப்பல்காரர் எழுதியிருந்தார். நெசவுத் தெருவுக்கு அடிக்கணக்கு எதற்கு? ஒரு புடவை பதினெட்டு அடி. மூன்று புடவைக்கு நூல் பிடித்து அளந்தாள். பிள்ளையார் கோயில் பக்கம் மூக்கு வந்தது, முனிரத்தினம் வீட்டுக் குழாயடியில் வால்.

உள்ளே பன்னிரண்டு கட்டம். ஒரு கட்டத்துக்கு ஓர் ஆள், ஒரு பை, ஒரு கூஜா.

"வந்து உட்கார்ந்து பாருங்க. இங்க முட்டி இடிச்சா அங்கயும் இடிக்கும்."

சிரித்துக்கொண்டேதான் வந்தார்கள். ஆனாலும் வந்தார்கள், கோட்டை மிதிக்காமல், புடவையையும் வேட்டியையும் தூக்கிப் பிடித்துக்கொண்டு.

நீங்களும் சிரிக்காதீர்கள். அவள் சும்மா விளையாடவில்லை. அறுபத்தொன்பதாம் வருஷம் தை மாதம் அது. பங்குனியில் கடல் சாது என்று விசாரித்து வைத்திருந்தாள். மெட்ராஸிலிருந்து பெரிய கப்பலில் போர்ட்பிளேர், அங்கிருந்து இந்தச் சின்னக் கப்பலில் நான்கு நாள். ஆள் குடியில்லாத எரிமலைத் தீவு ஒன்று. அதற்கும் அப்பால், உலகத்தில் வேறெங்குமே இல்லாத பெரிய மூக்குப் பறவை வாழும் தீவு இன்னொன்று. அலை விட்டால் இறங்குவது, விடாவிட்டால் கப்பலிலேயே சுற்றி வந்து பார்ப்பது.

"செத்த பறவைக்குப் பெருமாளே காரியம் பண்ண ஊருப்பா எங்க திருப்புட்குழி. பறவை பார்க்க நான் வராமயா?" என்று முதலில் பேர் கொடுத்தவள் எதிர்வீட்டுப் பெரியநாயகி.

இத்தனை பீப்பாய் தண்ணீர், இத்தனை நாள் தாங்கும் புளிக்காய்ச்சல், வாந்திக்கு இத்தனை நார்த்தங்காய். எல்லாம் எழுதியாகிவிட்டது.

ஒன்றுதான் பாக்கி. பன்னிரண்டு பேர் சேராவிட்டால் கப்பல் கிளம்பாது. பெயர்ப் பட்டியல் இன்றைய தபாலில் போயாக வேண்டும். அவளையும் அவள் புருஷன் சபாபதியையும் சேர்த்துப் பதினொன்றுதான் இருந்தது.

எதற்கு இந்தப் பயணம் என்று தெருவில் யாரும் கேட்கவில்லை. அதுதான் ஊரறிந்த கதையாயிற்றே.

சபாபதி பத்தொன்பது வயதில் தறியை விட்டு ஓடிப்போய், ஒரு கப்பலின் சமையலறையில் பாத்திரம் கழுவி, ஒரு வருஷம் கழித்துத் திரும்பி வந்தவர். அந்த நெருப்பு மலைத் தீவில், கடல் தண்ணீரைக் குடித்து உயிர் வாழும் ஆடுகளைத் தன் கண்ணால் பார்த்ததாகச் சொன்னார். இருபத்திரண்டு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். அன்றிலிருந்து தெருவுக்கு அவர் 'உப்பாடு' சபாபதி.

புருஷன் மானத்தை மீட்கக் கிளம்பிவிட்டாள் மகராசி என்று குழாயடியில் பேசிக்கொண்டார்கள். அவள் அதை ஒரு நாளும் மறுத்ததில்லை.

பக்கத்துத் தறி வீரபாகு மட்டும் கோட்டுக்கு வெளியே கைகட்டி நின்றான்.

"இன்னா அண்ணி, அந்த ஆட்டுப் பால்ல மோர் அடிச்சா உப்பே போட வேணாமே!"

கப்பல் முழுவதும் குலுங்கிச் சிரித்தது. வாசற்படியில் நின்ற சபாபதி தலையைக் குனிந்துகொண்டார்.

"ஆடு இருக்குதுன்னு கப்பல்காரரே எழுதியிருக்காருப்பா," என்றாள் மங்கையர்க்கரசி.

"ஆள் புடிக்கணும்னா யானைகூட இருக்குதுன்னு எழுதுவான்."

"சரிப்பா, நீ வராதே. வேற ஆளைச் சேத்துக்கிட்டுப் போய், நாளைக்கு நாங்க பன்னெண்டு பேரும் திரும்பி வந்து இருக்குதுன்னு சொல்லுவோம். இல்லேன்னு சொல்றதுக்கு நீ அங்க இருந்தியா?"

வீரபாகு செருப்பைக் கழற்றிவிட்டுக் கோட்டைத் தாண்டி உள்ளே வந்தான்.

"எழுதிக்கோ என் பேரை. இந்தப் புளுகை நேர்ல பாத்துட்டே வரேன்."

உட்கார இடம் தேடி முன்னால் போனான். மூக்கோரத்து முதல் கட்டம் காலியாக இருந்தது.

"அது இல்லப்பா. பின்னால வா."

முதல் கட்டம் சபாபதிக்கு என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள். வீரபாகுவும் பின்னால் போனான்.

மங்கையர்க்கரசி பன்னிரண்டாம் பெயரை எழுதினாள். உறைக்குச் சோற்றுப் பருக்கை தடவிக்கொண்டிருந்தபோது, சபாபதி படியிறங்கி வந்து அவளருகே குனிந்தார்.

"மங்க... நிறுத்திடும்மா. அந்த ஆட்டை நான் பாக்கல." அக்கம்பக்கம் பார்த்துக்கொண்டார். "சமையக்காரர் ஒருத்தர் சொன்னாரு. எங்க கப்பல் அந்தப் பக்கமே போகல."

அவள் உறையை அழுத்தி ஒட்டினாள்.

"தெரியும். கல்யாணமான மூணாம் மாசமே தெரியும். ஒரு நாள் ஆடு கறுப்புன்னீங்க, இன்னொரு நாள் செவலைன்னீங்க."

கல்யாணமான அந்த வருஷம் நெய்த புடவைகளின் உடல் நிறம், கரை நிறம், முந்தி நிறம் எல்லாவற்றையும் இன்றைக்கும் தப்பாமல் சொல்கிற மனுஷன் அவர்.

"தெரிஞ்சுமா? பின்ன என் மானத்துக்குன்னு எதுக்கு இத்தினி பேரை..."

"பன்னெண்டு பேர் இல்லாம கப்பல் கிளம்பாதாமேங்க. நான் எப்படிப் போறது?"

அவர் கையில் கடிதத்தைக் கொடுத்தாள்.

"தபால் எடுக்கறதுக்குள்ள போட்டுட்டு வாங்க. உங்களுக்கு நடுவுல எடம் வெச்சிருக்கேன். அங்க கப்பல் ஆட்டம் தெரியாது."

பிறகு கோட்டை மிதிக்காமல் தாண்டி, எல்லோருக்கும் முன்னால் போய், மூக்கோரத்து முதல் கட்டத்தில் உட்கார்ந்தாள்.