இன்னும் கட்டாத கப்பல்

கப்பல் நானூறு மீட்டர் நீளம். எங்கோ ஒரு தேசத்தில் அதை இன்னும் கட்டி முடிக்கவே இல்லை. ஆனாலும் கப்பல்களுக்கு வழிகாட்டும் துறைமுக பைலட் பிளசிலா தினமும் அதைத் துறைமுகத்துக்குள் கொண்டுவருகிறாள். வெறுந்தண்ணீரைச் சுற்றி நான்கு இழுவைப்படகுகள், வரப்போகும் கப்பலின் நான்கு மூலைகளாக நகரும். இந்த ஒத்திகையில், துறைமுக முகப்பு வளைவில் அவை பிசகாமல் திரும்பிக் காட்டினால்தான் கப்பல் இங்கே வரும். இல்லையென்றால் வேறு துறைமுகத்துக்குப் போய்விடும். நேற்றுகூடப் பின்படகு தடுப்புப் பாறையில் உரசியது.

"யக்கா, இன்னைக்கும் காத்தயா கெட்டி இழுக்கிய?" என்றான், கரையில் கயிறு கட்டும் தொம்மை.

"ஆமால. பெரிய காத்து. தள்ளி நில்லு."

இன்று நான்கு படகுகளும் பாறையைத் தொடாமல் ஒரே உடம்பாகத் திரும்பி வந்தன. தொம்மை சிரிக்கவில்லை. அவற்றின் நடுவே வரும் வெறுந்தண்ணீருக்கு வழியில் கிடந்த தன் சிறு வள்ளத்தை அவசரமாக அவிழ்த்து, ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனான்.