பத்துப் பக்கம் முன்னால்

மத்திய ஆசியப் பயணக் கதையை நானும் என் மனைவியும் ஒரே புத்தகத்தில்தான் படித்தோம். அடையாளத்துக்கு எனக்குப் பச்சை ரிப்பன், அவளுக்குச் சிவப்பு. அவள் எப்போதும் பத்துப் பக்கம் முன்னால் இருப்பாள். "உங்க ஒட்டகம் இன்னும் தண்ணியே குடிச்சு முடிக்கலையா?" என்பாள்.

பாலைவனத்தைப் பாதி கடந்திருந்தபோது இறந்துபோனாள்.

ஆறு மாதம் கழித்துப் புத்தகத்தை எடுத்தேன். நான் நகர நகர, சிவப்பு ரிப்பனும் பத்துப் பக்கம் முன்னாலேயே நகர்ந்தது.

"தனியா என்னப்பா பண்றீங்க?" என்று மகள் போனில் கேட்டாள்.

"படிக்கிறேம்மா" என்றேன்.

முதல் பாகம் சமர்கண்டில் முடிகிறது. அதற்கு ஏழெட்டுப் பக்கம் இருக்கும்போது சிவப்பு ரிப்பனைக் காணவில்லை. கடைசி வரியை முடித்துவிட்டு, அலமாரியிலிருந்து இரண்டாம் பாகத்தை எடுத்தேன். கடையில் ஒட்டிய பிளாஸ்டிக் உறையை இன்னும் பிரிக்கவில்லை. உறைக்குள், முதல் சில தாள்களுக்கு நடுவே, சிவப்பு நுனி தெரிந்தது.