நடுக்கண்ணாடி

"காருக்கு நடுவுல கண்ணாடியா? எதுக்கு பாய்?" என்று கேட்டான் முனியப்பன்.

பட்டறைக்கார நூர் அகமது வண்டிக்குள்ளிருந்து தலையை நீட்டினார். இப்போது வருகிற பெரிய கார்களில் இதெல்லாம் கம்பெனியிலேயே வைத்து வருகிறதாம். டிரைவர் சீட்டுக்கும் பின் சீட்டுக்கும் இடையில் ஒரு கண்ணாடி. பின்னால் இருப்பவர் கூப்பிட ஒரு மணி.

"ஒங்க மொதலாளி இந்தப் பழைய ஆஸ்டின் காருக்கு அது ரெண்டும் வேணுங்குறாரு. நாளைக்கு மதுரைக்குப் போறதுக்குள்ள வேணுமாம். நமக்கென்ன, மாட்டிக் குடுத்துற வேண்டியதுதான்."

திண்டுக்கல் பட்டறையில் அன்று முழுக்க முனியப்பன் அந்தக் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தான். எதற்கென்று யாரும் அவனுக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை.

எரியோட்டுப் பக்கம் சேரியில் பிறந்தவன் அவன். ஊர் டீக்கடையில் அவன் சனத்துக்குத் தனிக் குவளைதான். வெளியே ஆணியில் தொங்கும். குடித்துவிட்டு அவர்களே கழுவி மாட்ட வேண்டும்.

சின்னாளப்பட்டியில் சுங்குடிச் சேலை வியாபாரம் பார்க்கும் குருசாமியிடம் டிரைவராகச் சேர்ந்த முதல் நாள், வீட்டில் எல்லோரும் குடிக்கிற டம்ளரில் அவனுக்கும் காபி வந்தது. அன்றைக்கு அவன் காபியை ஆறவிட்டு அந்த டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தான். சமத்துவம் என்று மேடையேறிப் பேசுகிறவரில்லை குருசாமி. வீட்டில் செய்தார், அவ்வளவுதான்.

காரில் ஏறினால் வாய் ஓயாது அவருக்கு. நூல் விலையில் தொடங்கி ஊர்வம்பு வரைக்கும் பேசிக்கொண்டே, நடுவே வெற்றிலைப் பெட்டியை முன்னால் நீட்டுவார்.

மகளுக்குத் தையில் கல்யாணம் என்று நிச்சயமானதும் அதெல்லாம் நின்றுபோயிற்று. முதலில் வெற்றிலைப் பெட்டி வரவில்லை. அப்புறம் பேச்சு குறைந்தது. அப்புறம் காரில் ஏறினாலே துண்டால் மூக்கையும் வாயையும் பொத்திக்கொண்டு வெளியே பார்க்க ஆரம்பித்தார். சம்பந்தி வீட்டார் ரொம்ப ஆசாரம் பார்க்கிறவர்கள் என்று ஊரில் பேச்சு. முனியப்பன் கணக்குப் போட்டுக்கொண்டான்.

போன வாரம் கொல்லைப்புறம் போனவன், சுவரில் புதிதாக ஓர் ஆணியைப் பார்த்தான். அதில் ஓர் எனாமல் டம்ளர் தொங்கியது. அந்த டம்ளர் தன் கைக்கு வருவதற்குள் முந்திக்கொண்டு, காபி ஒத்துக்கொள்ளவில்லை என்று முதலாளியம்மாவிடம் சொல்லிவிட்டான்.

இப்போது கண்ணாடியும் வந்துவிட்டது.

"எம் மூச்சுக்காத்து அவரு மேல படக்கூடாதாம்," என்றான் பெண்டாட்டி ராக்கம்மாளிடம்.

"ஊரு பூராவும் அப்புடித்தான் இருக்கு. பிள்ளைகள வச்சுக்கிட்டு வேலைய விட்டுப்புடாதய்யா."

"ஊர்க்காரன் செஞ்சா பழகிப்போச்சு. இவரு செய்யுறதத்தான் தாங்க முடியல."

மதுரைக்குப் போய்த் திரும்பியதும் கார் சாவியை அவர் முன்னால் வைத்துவிடுவது என்று முடிவு கட்டிவிட்டான்.

மறுநாள் காலையில் குருசாமி பையோடு வந்து பின்னால் ஏறினார். நடுக்கண்ணாடியைத் தன் கையாலேயே இழுத்துச் சாத்தினார். போகலாம் என்று தலையைத்தான் அசைத்தார். முனியப்பனுக்கு முகம் எரிந்தது.

கொடைரோடு தாண்டியதும் மணி அடித்தது.

நேற்று வரைக்கும் பேர் சொல்லிக் கூப்பிட்ட வாய். இன்றைக்கு மணி. மாட்டுக்குத்தான் மணி கட்டுவார்கள். வாயைத் திறந்து கூப்பிடட்டும், நிறுத்துகிறேன் என்று நினைத்துக்கொண்டு ரோட்டையே பார்த்து ஓட்டினான்.

மணி மறுபடி அடித்தது. அப்புறம் விடாமல் அடித்தது. முனியப்பன் பல்லைக் கடித்துக்கொண்டு வண்டியை இன்னும் விரட்டினான்.

செத்த நேரத்தில் மணி தானாக நின்றது. நல்லா அடிச்சு ஓஞ்சாச்சா என்று தலைக்கு மேலே இருந்த முகம் பார்க்கிற கண்ணாடியில் பின்சீட்டைப் பார்த்தான். சீட்டில் முதலாளியைக் காணோம்.

பிரேக்கை மிதித்து, ஓடிப்போய்ப் பின்கதவைத் திறந்தான். குருசாமி சீட்டிலிருந்து சரிந்து கீழே கிடந்தார். வாயைப் பொத்தியிருந்த துண்டு முழுக்க ரத்தம். சட்டையெல்லாம் ரத்தம்.

"மொதலாளி," என்று அள்ளித் தூக்கக் குனிந்தான்.

அவர் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். இருந்த தெம்பையெல்லாம் கூட்டி ஒரு கையால் அவன் நெஞ்சைத் தள்ளினார்.

"கிட்ட வராதப்பா. எனக்குக் காசநோய். ஒட்டிக்கிரும். நீ பிள்ளகுட்டிக்காரன்."

இழுத்து இழுத்து மூச்சு வாங்கினார்.

"வெளிய தெரிஞ்சா எம் மக கல்யாணம் நின்னுபோகும். அதான் ஒங்கிட்டயும் சொல்லல. மனசுல வச்சுக்கிராத, முனியப்பா."

அவன் பேரைச் சொன்னதோடு சரி. தள்ளிய கை தொப்பென்று விழுந்தது.

ஒட்டட்டும் என்று அவரை வாரி மார்போடு அணைத்துக்கொண்டான் முனியப்பன். உடம்பில் உயிர் இல்லை. முதல் மணிக்கே நிறுத்தியிருக்கலாமே என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதான்.

அவரைத் தூக்கியபோது சாய்ந்த பையிலிருந்து ஏதோ உருண்டு வந்து அவன் காலில் இடித்தது. கொல்லைப்புறத்து ஆணியில் தொங்கிய அந்த எனாமல் டம்ளர். விளிம்பில், அவர் வாய் வைத்துக் குடித்த இடத்தில், ரத்தம் காயாமல் இருந்தது.