மண்ணில் ஊற்றிய பீர்

"ஒருத்தன் பப்புக்கு வர்றான். ஒரு கிளாஸ் பீர் வாங்கறான். ஒரு வாய்கூடக் குடிக்காம வாசல் மண்ணுல ஊத்திட்டுப் போயிடறான். வருஷா வருஷம், அதே தேதியில. ஏன்? நீ கேள்வி கேளு. நான் ஆமா, இல்லைன்னு மட்டும்தான் சொல்வேன்."

லாய்ட் இப்படி ஆரம்பித்ததும் சமையல்காரி நோரீனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"பாம்பு கடிச்சுக் கிடக்கறவன்கிட்ட விடுகதையா? நீயெல்லாம் ஒரு கூட்டாளி!"

ஊரிலிருந்து வெகு தொலைவில், செம்மறி ஆட்டு ரோமம் கத்தரிக்கும் கொட்டகை. பலகைத் தரையில் டெஸ் மல்லாந்து கிடந்தான். காலில் கடித்தது கொடிய விஷமுள்ள பழுப்புப் பாம்பு. கால் விரலிலிருந்து தொடைவரை துணியால் இறுக்கிக் கட்டியிருந்தார்கள். டாக்டரின் விமானம் வர இன்னும் ஐம்பது நிமிடம்.

"ஆடக்கூடாது, பயப்படக்கூடாதுன்னு டாக்டர் போன்ல சொன்னாரில்ல? அவன் நினைப்பை வேற பக்கம் திருப்பணும்" என்றான் லாய்ட், டெஸ்ஸின் காலை இரு கைகளாலும் பிடித்தபடி.

"கால் எப்படி நடுங்குது பாரு. பயந்துட்டான். இறுக்கிப் பிடி!" என்றாள் நோரீன்.

டெஸ் கேட்டான். "பீர்ல ஈ விழுந்திருந்துச்சா?"

"இல்லை."

"பெண்டாட்டி வாசல்ல நின்னாளா?"

"இல்லை."

நோரீன் லாய்டின் பக்கம் குனிந்தாள். "விடைதான் என்ன?"

லாய்ட் அவள் காதில் சொன்னான். "செத்துப்போன கூட்டாளியோட பங்கு அது. பதற்றத்துல வாயில வந்ததைச் சொல்லிட்டேன். சொன்னப்புறம்தான் விடை ஞாபகம் வந்துச்சு."

"பாவி! இப்ப அவன் கண்டுபிடிச்சா?"

அதற்குள் கம்பளி மூட்டைமேல் உட்கார்ந்திருந்த இன்னொரு வேலையாள் வாரன் உற்சாகமானான். "அவன் தனியாவா வர்றான்?"

"ஆமா" என்றான் லாய்ட்.

"முன்னாடி அவன்கூட யாராவது வருவாங்களா?"

லாய்ட் டெஸ்ஸின் முகத்தைப் பார்த்தான். நோரீன் வாரனை முறைத்தாள். அவன் கவனிக்கவில்லை. "அப்படின்னா அந்த ஆள்..."

"டேய் வாரன், பாம்பு கடிச்சது உன்னையா, என்னையா?" என்றான் டெஸ். "வாயை மூடு. என் விடுகதை. லாய்ட், அந்த பீர் சூடா இருந்துச்சா?"

"இல்லைடா, மடையா!" லாய்டுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

அடுத்து வந்ததெல்லாம் அதைவிட மடத்தனம். அவன் செருப்பு போட்டிருந்தானா? மண்ணுல எறும்பு இருந்துச்சா? எறும்புக்கு பீர் பிடிக்குமா? நோரீனே ஒரு தடவை சிரித்துவிட்டாள். கால் நடுக்கம் நின்றிருந்தது.

விமானம் இறங்கியது. டாக்டர் நாடி பார்த்தார். "நிதானமா இருக்கு. பிழைச்சுக்குவார்." மருந்து ஏறத் தொடங்கியது.

"உன்னைத் திட்டினதுக்கு மன்னிச்சுக்க" என்றாள் நோரீன். "உன் விடுகதைதான் அவனைக் காப்பாத்திச்சு."

லாய்ட் முகத்தைத் துடைத்துக்கொண்டான். "நல்ல வேளை, விடை அவன் மண்டைக்கு எட்டலை."

ஸ்ட்ரெச்சரைத் தூக்கும்போது டெஸ் அவனைக் கிட்டே கூப்பிட்டான்.

"போன கிறிஸ்துமஸுக்கு அந்த விடுகதையை உனக்குச் சொன்னதே நான்தான்டா. என் கால் நடுங்கவே இல்லை. அதைப் பிடிச்சிருந்த உன் கைதான் நடுங்கிச்சு. அதான் உன் நினைப்பை வேற பக்கம் திருப்பினேன்."