சிரங்கைத் தண்ணீர்

கிபிர் விமானத்தின் இரைச்சல் காதுக்கு எட்டிய அதே கணத்தில் முதல் குண்டு விழுந்துவிட்டது.

வண்டிலில் பூட்டக் கொண்டுவந்த மாடுகள் இரண்டும் கயிற்றைப் பறித்துக்கொண்டு அக்கராயன் குளக்கட்டுப் பக்கம் ஓடின.

அந்த வண்டிலில்தான் கம்சாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக இருந்தார்கள்.

கம்சாவுக்கு ஒன்பது மாதம். நாலு நாளாய் மலேரியாக் காய்ச்சல். விடிந்ததிலிருந்து இரண்டு தரம் வலிப்பு.

தாய் கமலேஸ்வரி பிள்ளையை நெஞ்சோடு அணைத்தபடி பங்கர்க் குழிக்குள் குதித்தாள். பக்கத்துக் கொட்டில் அருளம்மா தண்ணீர்ப் போத்தலோடு பின்னால் இறங்கினாள். வண்டில்காரர் அப்புத்துரை கடைசியாக வந்து வாசலிலேயே குந்திக்கொண்டார்.

"குண்டைப் போடுறவன் போடட்டும். என்ர மாட்டை ஏன் வெருட்டுறான்?" என்று வானத்தைப் பார்த்து ஏசினார்.

ஒருவரும் சிரிக்கவில்லை.

இரண்டாவது குண்டு. கூரைப் பனங்குற்றிகளுக்கு இடையிலிருந்து மண் கொட்டியது.

மண்ணைத் துடைத்துவிட்டுப் பார்த்தபோது கம்சாவின் கண்கள் மேலே செருகியிருந்தன. ஒரு கை துவண்டு தொங்கியது. அருளம்மா தன் கன்னத்தைக் குழந்தையின் மூக்கருகே வைத்துப் பார்த்தாள்.

மூச்சு இருந்தது. நூல் மாதிரி.

அருளம்மா கொக்கிளாய்க் கடற்கரையாள். கமலேஸ்வரி முரசுமோட்டை வயற்காரி. இருவரும் ஓடி ஓடி வந்து, எட்டு மாதமாய் இந்த முகாமில் ஒரு கிடுகுத் தட்டிக்கு இரண்டு பக்கமும் குடியிருக்கிறார்கள்.

அருளம்மா அரிசி புடைக்கிற விதத்தைப் பார்த்து, "அக்கா, அது சுளகு. வலையெண்டு நினைச்சு வீசிப்போடாதேங்கோ" என்று கமலேஸ்வரி பகிடி பண்ணுவாள்.

அருளம்மா அவளுக்குக் கருவாடு கொடுத்தாள். மண்ணெண்ணெய் கிடைக்காத நாட்களில் தன் விளக்கிலிருந்து பாதியை ஊற்றிக் கொடுத்தாள். கமலேஸ்வரியின் புருஷன் சிவராசா செல் குண்டு விழுந்து செத்த செய்தி வந்த அன்று, நாள் முழுக்க அவளைக் கட்டிப்பிடித்தபடி இருந்தாள்.

யேசுவைப் பற்றி மட்டும் ஒரு சொல் சொன்னதில்லை.

ஆசை இல்லாமல் இல்லை. பன்னிரண்டு வருசமாய் இடம் மாறி மாறி அலைந்தும் தன்னை விழாமல் வைத்திருப்பது அந்த ஒன்றுதான் என்று அவளுக்குத் தெரியும். கருவாட்டைக் கொடுத்துவிட்டு அதைக் கொடுக்காமல் திரும்பி வருவது ஒவ்வொரு முறையும் நெஞ்சை அறுத்தது.

ஆனால் போன வருசம் யாரோ பால்மாப் பெட்டியோடு வந்து செபம் சொல்லிவிட்டுப் போக, "மாவைக் குடுத்து மதம் மாத்துறாங்கள்" என்று முகாம் முழுக்கக் கதை. தன் கருவாட்டுக்கும் அப்படியொரு கதை வந்துவிடுமோ என்று பயந்து வாயை மூடியவள்தான்.

இப்போது குழந்தை போய்க்கொண்டிருந்தது.

சாகக் கிடக்கும் உயிருக்கு ஞானஸ்நானம் கொடுக்க சுவாமியார்தான் வரவேண்டும் என்றில்லை. யாரும் கொடுக்கலாம். தலையில் தண்ணீர். வாயில் ஒரே ஒரு வசனம், தன் பிள்ளைகளுக்கு அவள் படிப்பிக்கிற அதே வசனம்.

தாயிடம் கேட்க வேண்டும்.

என்னவென்று கேட்பது? உன்ர பிள்ளை தப்பாது, அதுக்கு முதல் இதைச் செய்ய விடு என்றா?

விமானம் மறுபடி தாழப் பதிந்தது. கமலேஸ்வரி கண்களை இறுக மூடிக்கொண்டு குழந்தையின் வயிற்றில் முகத்தைப் புதைத்தாள்.

அருளம்மா போத்தலின் மூடியைத் திருகினாள். உள்ளங்கையைக் குழித்து ஒரு சிரங்கைத் தண்ணீரை ஏந்தினாள். பார்க்கிறவர்களுக்குக் காய்ச்சலுக்கு நெற்றி நனைக்கிற மாதிரித்தான் இருக்கும். களவெடுக்கிறவளைப் போல் கையைக் குழந்தையின் தலைக்குக் கொண்டுபோனாள்.

உதடு மட்டும் அசைந்தது. "பிதா, சுதன்..."

மணிக்கட்டை ஒரு கை பாய்ந்து பிடித்தது.

கமலேஸ்வரியின் கண்கள் அகலத் திறந்திருந்தன. நகங்கள் தோலில் இறங்கின. விரல்களுக்கு இடையால் தண்ணீர் ஒழுகி மண்ணில் விழுந்தது.

அருளம்மா கையை இழுத்துப் பார்த்தாள். முடியவில்லை. எட்டு மாதத்துக் கருவாடும் மண்ணெண்ணெயும் இந்த ஒரு கணத்துக்காகத்தான் என்று இவள் இனி நினைப்பாள். ஊரெல்லாம் சொல்வாள். சொல்லட்டும். ஆனால் குழந்தை?

"கிபிர்க்காரன் போயிட்டான். மாட்டைப் பிடிச்சுக்கொண்டு வாறன், வெளிக்கிடுங்கோ" என்று அப்புத்துரை மேலே ஏறி ஓடினார்.

இரைச்சல் தேய்ந்த அமைதியில் கம்சா மெல்ல முனகினாள்.

கமலேஸ்வரி பிடித்த கையை விடவில்லை. அவளுடைய குரலில் கோபம் இல்லை. அதுதான் அருளம்மாவை உலுக்கியது.

"ரெண்டாந்தரம் ஊத்தாதேங்கோ அக்கா. ஞாயிற்றுக்கிழமையில நீங்கள் உங்கட பிள்ளையளுக்குப் படிப்பிக்கேக்குள்ள தட்டிக்கு இஞ்சால இருந்து அந்த வசனத்தைப் பாடமாக்கினனான். காலமை முதலாம் வலிப்பு வந்த உடனை நானே தலையில ஊத்திப்போட்டன். எனக்கு மட்டும் ஏன் நீங்கள் ஒருநாளும் சொல்லேல்லை?"